நடுவர் ஏன் ஊதினார்?

அதிகாலைப் பெரட்டில் தொடங்கிய வேலை முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து உண்டு ஓய்ந்திருக்கும் மாலை நேரம். தோட்டத்துக் கடையிலோ மன்றத்திலோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கிறார்கள். காற்பந்தாட்டம் நடைபெறுகிறது. நம் குழுவின் ஆட்டக்காரர் ஒருவர் பந்தைப் பெற்று, தனியாக முன்னேறி, அழகாக வலைக்குள் உதைத்துவிடுகிறார். அனைவரும் துள்ளி எழுகின்றனர். ஆனால் நடுவரோ ஊதலை ஊதிக் கையை உயர்த்துகிறார். கோல் இல்லை! “ஏன் ஊதினான்?” என்று ஒருவர் கேட்கிறார். “ஓஃப்சைடு” என்கிறார் மற்றொருவர். “அப்படியென்றால் என்ன?” என்று கேட்டால், சொன்னவருக்கே சரியாக விளக்கத் தெரிவதில்லை. முடிவில் நடுவர்மீது பழி வந்து சேருகிறது.

தொலைக்காட்சியின் முன் எழும் கூச்சல் அத்தோடு அடங்கிவிடும். தோட்டத் திடலில் நடைபெறும் ஆட்டத்தில் எழும் கூச்சல் அப்படி அடங்குவதில்லை. ஒரு கோலுக்காக இரு தோட்டத்து இளைஞர்கள் கைகலந்ததையும், அடுத்த ஆண்டு முதல் அந்த நட்புமுறைப் போட்டியே நின்றுபோனதையும் அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. விதி தெரிந்திருந்தால் அச்சண்டைகளில் பாதி எழுந்தே இரா. ஆகவே, விளையாட்டுப் பற்றிய செய்திகளில் நாள்தோறும் நம் காதில் விழும் சில சொற்களின் பொருளை இக்கட்டுரையில் தெளிவாகக் காண்போம். ஆட்டக்காரர்களுக்கு இவை தெரிந்தவையே. பொழுதுபோக்காக ஆட்டம் பார்க்கும் அன்பர்களுக்காகவும், பிள்ளைகள் விளையாடுவதைத் திடலோரம் நின்று காணும் பெற்றோர்களுக்காகவுமே இவை எழுதப்படுகின்றன.

மூன்று கேள்விகள்

விளையாட்டு விதிகள் கடல் போல் விரிந்தவை என்று அஞ்ச வேண்டியதில்லை. நாம் சிறு வயதில் ஆடிய சடுகுடுவை எண்ணிப் பாருங்கள். பாடிச் சென்றவர் நடுக்கோட்டை எட்டித் தொட்டாரா? தொட்டபோது அவருடைய மூச்சு அறுந்திருந்ததா, இல்லையா? அவரை யார் தொட்டார்கள்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது. உலகத்தின் பெரிய விளையாட்டுகள் பலவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. நடுவர் ஊதியவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. பந்து எந்தக் கோட்டைக் கடந்தது? கடைசியாகத் தொட்டவர் யார்? அது நிகழ்ந்த கணம் எது?

கோடு: எப்போது கோல், எப்போது இல்லை?

காற்பந்திலும் ஹாக்கியிலும் பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் அது கடந்ததாகும். பந்தின் ஓரம் சிறிதளவு கோட்டின்மேல் இருந்தாலும் அது இன்னும் திடலுக்குள் இருப்பதாகவே பொருள். தரையில் உருண்டாலும் காற்றில் பறந்தாலும் விதி ஒன்றே. கோல் கம்பங்களுக்கிடையே உள்ள கோட்டிற்கும் இதுவே சட்டம். பூப்பந்தில் இது நேர்மாறானது. இறகுப் பந்து கோட்டைத் தொட்டு விழுந்தாலே உள்ளே விழுந்ததாகக் கொள்ளப்படும். ஒரே வீட்டில் தந்தை காற்பந்துப் பிரியராகவும் மகள் பூப்பந்துப் பிரியையாகவும் இருந்தால் குழப்பம் எழுவது இதனாலேதான்.

இந்தக் கோட்டுக் கணக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் தலைநகரிலேயே நடந்தது. 1975-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. மார்ச் 15-ஆம் நாள் மெர்டேக்கா விளையாட்டரங்கில் இறுதியாட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பாகிஸ்தான் முதலில் ஒரு கோல் போட்டது. இந்தியாவின் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னர் வாய்ப்பைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமப்படுத்தினார். பிறகு, புகழ்பெற்ற தியான் சந்தின் மகனான அசோக் குமார் அடித்த பந்து கோலின் மூலையில் பட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே தெறித்து வந்தது.

அது கோலா, இல்லையா? பந்து கோட்டைக் கடக்கவில்லை என்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் முறையிட்டனர். அப்போது முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் நம் நாட்டு நடுவர் ஜி. விஜயநாதன். பந்து கோட்டைக் கடந்து சென்றே திரும்பியது என்று கண்டு அவர் கோல் வழங்கினார். இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று, முதல் தடவையாக உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மெதுவாக ஓட்டிப் பார்க்கும் படக்கருவியின் துணை அன்று நடுவருக்குக் கிடையாது. சற்றும் தயங்க நேரமில்லை. நிரம்பி வழிந்த அரங்கம், இரு பெரும் நாடுகளின் மானப் போட்டி, நடுவே ஒரு மனிதரின் கண்களும் ஊதலும் மட்டுமே! “நடுவருக்குக் கண் தெரியவில்லை” என்று கத்த நம் வாய் திறக்கும்போதெல்லாம் இதனை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

தொட்டவர் யார்?

பந்து திடலுக்கு வெளியே போய்விட்டால், கடைசியாகத் தொட்டவர் யார் என்பதைக் கொண்டே அடுத்த நடவடிக்கை அமையும். காற்பந்தில் பக்கக் கோட்டைக் கடந்தால், தொட்டவரின் எதிர்க்குழுவினர் பந்தை இரு கைகளாலும் தலைக்குமேல் கொண்டுவந்து எறிவர். இதுவே ‘த்ரோ இன்’. கோல் இருக்கும் பக்கத்துக் கோட்டைக் கடந்தால் இரண்டு வகை உண்டு. தாக்கும் குழுவினர் தொட்டு வெளியே போனால் ‘கோல் கிக்’. தற்காக்கும் குழுவினரே தொட்டு வெளியே போனால் ‘கார்னர்’, அதாவது மூலை உதை. தற்காப்பாளர் ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே பந்தை வெளியே தள்ளிவிட்டு மூலை உதையை ஏற்றுக்கொள்வதைப் பல முறை பார்த்திருப்பீர்கள். பெரிய இழப்பைத் தவிர்க்கச் சிறிய இழப்பை ஏற்கும் கணக்கு அது.

முறைதவறிய ஆட்டம் ‘பவுல்’ எனப்படும். எதிரியை இடறுதல், தள்ளுதல், பிடித்து இழுத்தல், பந்தைக் கையால் கையாளுதல் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இதற்குத் தண்டனை ‘ஃபிரீ கிக்’. இதிலும் இரு வகை உண்டு. நேரடியாகக் கோலுக்கு உதைக்கக்கூடியது ஒன்று. வேறோர் ஆட்டக்காரர் தொட்ட பிறகே கோலாகக் கூடியது மற்றொன்று. நடுவர் கையை நேராக உயர்த்தி நின்றால் இரண்டாவது வகை என்று அறிந்துகொள்ளலாம். எந்த வகையாயினும் எதிர்க்குழுவினர் 9.15 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அவர்கள் வரிசையாகத் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைத்தான் ‘சுவர்’ என்கிறோம்.

நேரடி ஃபிரீ கிக்கிற்குரிய குற்றத்தைத் தற்காப்பாளர் தம் கோலுக்கு முன்னுள்ள பெரிய கட்டத்துக்குள் செய்துவிட்டால், அது ‘பினால்டி’ ஆகும். கோலிலிருந்து 11 மீட்டர் தொலைவில் பந்தை வைத்து ஒருவர் உதைப்பார். கோல்காவலர் மட்டுமே தடுப்பார். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அத்தனை பெரிய வாயிலை ஒரு மனிதர் காப்பது எளிதன்று. நீண்ட கைகளால் பந்தைத் தடுத்து, ‘ஸ்பைடர்மேன்’ என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்ட ஆர். ஆறுமுகத்தை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. சிலாங்கூருக்கும் நாட்டிற்கும் கோல்காவலராக விளங்கிய அவர், 1988-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சாலை விபத்தில் 35 வயதிலேயே மறைந்தார்.

நடுவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் அட்டைகளின் கதை சுவையானது. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர், சாலை விளக்குகளைக் கண்டு இவ்வண்ணங்களைத் தேர்ந்தெடுத்தாராம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் வெளியேற்றம். 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணப் போட்டியில் இவை அறிமுகமாயின. மொழி தெரியாத நாட்டு ஆட்டக்காரரும் தொலைவில் அமர்ந்திருக்கும் பார்வையாளரும் ஒருங்கே புரிந்துகொள்ளும் மொழி இது. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டைகள் பெற்றவரும் வெளியேற வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் வர இயலாது. குழு பத்துப் பேருடனேயே ஆட வேண்டும்.

கணம்: ஓஃப்சைடு என்பது என்ன?

இனி, சண்டைகளுக்கெல்லாம் தலையாய காரணமான ஓஃப்சைடுக்கு வருவோம். சற்றுப் பொறுமையோடு படித்தால் இதனைப் போல் எளிமையானது வேறில்லை என்பது விளங்கும்.

தோட்டத்தில் மரங்கள் நிரைநிரையாக நிற்கின்றன அல்லவா? எதிர்க்குழுவின் தற்காப்பாளர்களை அப்படியொரு நிரையாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பின்னால், கோலின் வாயிலில் கோல்காவலர் நிற்கிறார். கோல்கோட்டிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் கோல்காவலர் முதல் ஆள். அவருக்கு அடுத்தபடி கோலுக்கு மிக அருகில் நிற்கும் தற்காப்பாளர் இரண்டாம் ஆள். இந்த இரண்டாம் ஆளின் உடல் ஓரமாகத் திடலின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினையுங்கள். நம் குழுவின் தாக்குதல் ஆட்டக்காரர் அந்தக் கயிற்றையும் தாண்டி, பந்தையும் தாண்டி, எதிரியின் பாதித் திடலில் கோலுக்கு அருகே நின்றால், அவர் ஓஃப்சைடு நிலையில் இருக்கிறார். கயிற்றுக்கு நேராக நின்றால் குற்றமில்லை. இச்சலுகை 1990-ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் நேராக நின்றாலும் குற்றமே. பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய முதியவர்களும் இன்றைய இளைஞர்களும் ஒரே காட்சியைக் கண்டு வேறுபட்ட முடிவு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிக முக்கியமான செய்தி இதற்குப் பின்னரே வருகிறது. அவர் எங்கே நின்றார் என்பதை எந்தக் கணத்தில் பார்க்க வேண்டும்? பந்து அவரிடம் வந்து சேர்ந்த கணத்தில் அன்று. தம் குழுவினர் ஒருவர் பந்தை அவருக்கு உதைத்து அனுப்பிய கணத்தில்தான். நாமோ பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுகிறோம். பந்து வந்து சேரும்போது அவர் தற்காப்பாளர்களைத் தாண்டி நிற்பதைக் காண்கிறோம். “இதோ ஓஃப்சைடு!” என்று கூவுகிறோம். உண்மையில், பந்து புறப்பட்டபோது அவர் கயிற்றுக்கு இப்புறம் இருந்து, அதன் பிறகு வேகமாக ஓடிச் சென்றிருக்கலாம். அது குற்றமன்று, அதுதான் திறமை. மறுபுறம், பந்து புறப்பட்டபோது அப்பால் நின்றுவிட்டு, பிறகு பின்னோக்கி ஓடிவந்து பந்தைப் பெற்றால் அது குற்றமே. புறப்பட்ட கணத்தைப் பாருங்கள். வந்துசேர்ந்த கணத்தைப் பாராதீர்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் ஓஃப்சைடு வழக்குகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

மேலும் மூன்று குறிப்புகள். அந்த நிலையில் வெறுமனே நிற்பது குற்றமாகாது. ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். த்ரோ இன், கோல் கிக், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேரே பந்தைப் பெற்றால் ஓஃப்சைடு கிடையாது. தம் பாதித் திடலில் நிற்பவருக்கும் அது கிடையாது.

கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவர், பந்தை உதைப்பவரையும் தொலைவில் நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரரையும் ஒரே கணத்தில் கவனிக்க வேண்டியவராயிருக்கிறார். இக்கடினத்தை உணர்ந்தே, உலகக் கிண்ணப் போட்டிகளில் 2018-ஆம் ஆண்டு முதல், ஒளிப்பதிவைப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் முறை வந்துள்ளது. அதுவும் தோட்டத் திடலுக்கு வரப்போவதில்லை. அங்கே நடுவரின் கண்ணே நமக்குத் துணை.

ஹாக்கி: பெனால்டி கார்னர்

ஹாக்கியில் ஓஃப்சைடு விதி இப்போது இல்லை. 1990-களில் அது நீக்கப்பட்டது. கோலைச் சுற்றி 14.63 மீட்டர் அளவில் வளைந்த கோடு ஒன்று இருக்கும். தாக்கும் ஆட்டக்காரர் அந்த வளைவுக்குள் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல் செல்லும். வெளியிலிருந்து அடித்த பந்து வேறு எவர்மீதும் படாமல் நேரே வலைக்குள் போனாலும் அது கோலாகாது. இது தெரியாமல் ஆரவாரம் செய்து ஏமாந்தவர் பலர்.

வளைவுக்குள் தற்காப்பாளர் பிழை செய்தால் பெரும்பாலும் ‘பெனால்டி கார்னர்’ வழங்கப்படும். கோல்காவலரையும் சேர்த்துத் தற்காப்பாளர் ஐவர் கோல்கோட்டின் பின்னே நிற்பர். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் குழுவினர் வளைவுக்கு வெளியே காத்திருப்பர். அவர்களில் ஒருவர் கோல்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார். பந்து வளைவைவிட்டு வெளியே வந்த பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். தள்ளுதல், நிறுத்துதல், அடித்தல் ஆகிய மூன்றும் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும்.

அந்த ஓரிரு விநாடிகள் நம் நாட்டின் வரலாற்றையே மாற்றிய நாளும் உண்டு. மேலே சொன்ன 1975-ஆம் ஆண்டுப் போட்டியில் என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியக் குழு, வலிமைமிக்க நெதர்லாந்தை 2-1 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. அரையிறுதியில் இந்தியாவை எதிர்த்து 2-1 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மலேசியா உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடப் போகிறது என்று நாடே மகிழ்ந்திருந்த வேளையில், இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. மாற்று ஆட்டக்காரராகக் களமிறக்கப்பட்டிருந்த அஸ்லாம் ஷேர் கான் அதனைக் கோலாக்கினார். ஆட்டம் 2-2 எனச் சமநிலை கண்டு கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அதில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3-2 என வென்றது. மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது. பெனால்டி கார்னர் என்ற சொல்லைக் கேட்டவுடன் அன்றைய ரசிகர்களின் முகம் ஏன் வாடுகிறது என்பது இப்போது விளங்கும்.

வெற்றியின் கணக்கு

செய்தித்தாளில் வரும் வேறு சில சொற்களையும் காண்போம். தோற்றவர் உடனே வெளியேறும் போட்டி ‘நாக் அவுட்’. ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களுடனும் ஆடிப் புள்ளிகள் சேர்ப்பது ‘லீக்’. காற்பந்து லீக்கில் இப்போது வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இரு குழுக்கள் சமப் புள்ளிகள் பெற்றால், பல போட்டிகளில் ‘கோல் வேறுபாடு’ பார்க்கப்படும். போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. எதிர்க்குழு வராமலேயே வெற்றி வழங்கப்பட்டால் ‘வாக் ஓவர்’. ஒருவரே ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் ‘ஹெட்ரிக்’. கிரிக்கெட்டில் அடுத்தடுத்து மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தவருக்குத் தொப்பி பரிசளித்த வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது. கோலுக்கு வழிசெய்து பந்தை எடுத்துக் கொடுப்பது ‘அசிஸ்ட்’. 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அன்று வெற்றிக் கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் ஹசான் சானி. ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. எனினும் அந்தக் கோலை மக்கள் மறக்கவில்லை. எடுத்துக் கொடுத்தவரையும் மறக்கவில்லை.

‘அக்ரிகேட்’ என்ற சொல் பலரைக் குழப்புகிறது. இரு குழுக்களும் தத்தம் ஊரில் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பதே இது. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மலேசியா, புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவை 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 1-2 எனத் தோற்றது. தோற்ற நாளில் கிண்ணம் எப்படிக் கிடைத்தது என்று வியந்தவர்கள் உண்டு. கூட்டிப் பாருங்கள்: மலேசியா 4, இந்தோனேசியா 2. அக்குழுவின் பயிற்றுநர், முன்னாள் சிலாங்கூர் ஆட்டக்காரரான கே. ராஜகோபால்.

சிலாங்கூரைப் பற்றிப் பேசும்போது மலேசியக் கிண்ணத்தை விட்டுவிட முடியாது. 1921-ஆம் ஆண்டில் இங்கு வந்த ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணம் அது. முதல் ஆண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 எனச் சிலாங்கூரை வென்றது. 1967-ஆம் ஆண்டில் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. முதல் இறுதியாட்டத்தில் தோற்ற சிலாங்கூர், 2015-ஆம் ஆண்டில் 33-ஆவது தடவையாக அதனை வென்றது.

பூப்பந்து: ‘டியூஸ்’

பழைய முறையில் ‘சர்வீஸ்’ செய்பவர் மட்டுமே புள்ளி பெறுவார். ஆடவர் ஆட்டத்துக்கு 15 புள்ளிகள். 2006-ஆம் ஆண்டில் இது மாறியது. யார் சர்வீஸ் செய்தாலும், பந்தை வென்றவருக்குப் புள்ளி. ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றவர் வெற்றியாளர் என்றாயிற்று. இருவரும் 20-20 என நின்றால் அது ‘டியூஸ்’. அதன்பின் இரண்டு புள்ளிகள் முன்னணி பெற வேண்டும். அப்படியும் முடியாமல் 29-29 ஆகிவிட்டால், 30-ஆவது புள்ளியை எடுப்பவரே வென்றவர். 2011-ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் 22-20, 14-21, 21-23 என்ற புள்ளிகளில் தோற்றார். முதல் ஆட்டத்தில் டியூஸ் அவருக்குக் கைகொடுத்தது. மூன்றாம் ஆட்டத்தில் அதே டியூஸ் கைவிட்டது.

தோமஸ் கிண்ணம் என்பது நாடுகளுக்கிடையிலான ஆடவர் குழுப் போட்டி. 1949-ஆம் ஆண்டு நடந்த முதல் போட்டியில் மலாயா வென்றது. 1992-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நெகாரா அரங்கில் இந்தோனேசியாவை 3-2 என வென்று மலேசியா மீண்டும் அதனைக் கைப்பற்றியது. 3-2 என்பது புள்ளிகளன்று. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றதைக் குறிக்கும்.

விநாடியின் நூறில் இரு பங்கு

ஓட்டப் பந்தயத்தில் ‘ஹீட்’ என்பது தகுதிச் சுற்று. அதில் தேறியவர்களே அடுத்த சுற்றுக்குச் செல்வர். நேரம் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படும். டாக்டர் எம். ஜெகதீசன் 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அரையிறுதிக்குச் சென்றார். அந்தத் தேசிய சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017-ஆம் ஆண்டில் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதனை முறியடித்தார். அரை நூற்றாண்டுக்கும் இரு ஓட்டக்காரர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு விநாடியின் நூறில் இரு பங்கே!

நடைப்பந்தயத்தைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. அதன் விதி தெரிந்தால் சிரிப்பு வியப்பாக மாறும். ஒரு பாதமாவது எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். முன்வைத்த கால், தரையைத் தொட்டது முதல் உடல் அதன்மேல் நேராக வரும் வரை முழங்காலில் மடங்கக் கூடாது. இவ்விதியோடு 50 கிலோமீட்டர் நடந்து, 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார் ஜி. சரவணன்.  உச்சி வெயிலில் நிரைநிரையாக நடந்து பால் எடுக்கும் நமக்கு அதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிறைவாக

அன்பர்களே, இச்சொற்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை ஊதல் ஒலித்தால் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: எந்தக் கோடு? தொட்டவர் யார்? எந்தக் கணம்? விடை தெரியாவிட்டால், திடலில் விளையாடும் உங்கள் மகனையோ மகளையோ கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பெற்றோருக்கு ஒன்றைக் கற்பிக்கும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சி பெரிது.

ஆட்டக்காரராக விளங்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டாது. விதியை நன்கு கற்றவர்கள் நடுவராகலாம். 1974-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் நடுவராகப் பணியாற்றிய சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையாவும், 1975-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அந்தக் கோலை வழங்கிய விஜயநாதனும் அவ்வழியில் புகழ்பெற்றவர்களே. ஒவ்வொரு தோட்டத்திலும் விதியைப் பிழையின்றி அறிந்த ஒருவர் இருந்தால் போதும்; நின்றுபோன நட்புமுறைப் போட்டிகள் மீண்டும் தொடங்கும். அந்த ஒருவர் நீங்களாகவே ஏன் இருக்கக் கூடாது?